பிறந்தபோது தெரியாத அரிவாள் செல் சோகை ஆறு மாதத்தில் வெளிப்படுவது ஏன்? பிசிஎல்11ஏ புரதம் குறித்து ஓர் ஐயம்

குறிஞ்சி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தி வருகிறேன். என் வகுப்பில் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் அரிவாள் செல் சோகை என்பது தேர்வுக்காகப் படிக்கும் ஓர் எடுத்துக்காட்டாக இருக்கலாம். இங்கே அது, சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் அந்தப் பரம்பரை இரத்த நோய், பிள்ளைகள் வீட்டில் பார்த்த நோய்.

சென்ற வாரம், மரபணு வெளிப்பாடு எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்ற பகுதியை, பாக்டீரியாவில் ஓர் அடக்கிப் புரதத்தால் மூடி வைக்கப்படும் மரபணுத் தொகுப்பாகிய லாக் ஓபரானை வைத்து நடத்தி முடித்தேன். உடனே ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. "பிறந்து ஐந்தாறு மாதம் வரை அவன் நன்றாகத்தான் இருந்தான், டீச்சர். அதற்குப் பிறகுதான் கையும் காலும் வீங்கத் தொடங்கின. மரபணுவில் உள்ள பிழை பிறக்கும்போதே இருந்திருக்குமே, அப்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை?" என்று கேட்டாள். கருவில் இருக்கும்போது ஒரு வகை ஹீமோகுளோபினும், பிறந்த பிறகு சில மாதங்களில் இன்னொரு வகையும் உருவாகின்றன என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் விடவில்லை. "அப்படியென்றால் அந்தப் பழைய ஹீமோகுளோபினுக்கு உரிய மரபணு எங்கே போனது? லாக் ஓபரானில் வருவதுபோல ஏதோ ஓர் அடக்கி அதை மூடிவிட்டது என்றால், அந்த அடக்கியை எடுத்துவிட வேண்டியதுதானே?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று இரவு தேடிப் படித்தபோது, பிசிஎல்11ஏ என்ற படியெடுத்தல் காரணியே (பிற மரபணுக்கள் படியெடுக்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் புரதம்) அந்த அடக்கி என்றும், அதைத் தொட்டு நடத்தப்படும் ஒரு மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி கிடைத்தது என்றும் அறிந்துகொண்டேன். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சியது. அந்தப் புரதம் டிஎன்ஏவின் மேல் உண்மையில் என்ன செய்கிறது என்பதை எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதே புரதம் மூளை வளர்ச்சிக்கும் பி வகை வெள்ளணுக்களுக்கும் தேவை என்றும், அது அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்தவுடன் இறந்துவிடுகின்றன என்றும் ஓரிடத்தில் படித்தேன். அப்படிப்பட்ட ஒன்றை மனிதருக்குள் எப்படித் துணிந்து வெட்டுகிறார்கள்? அந்த மரபணு நீக்கப்படுகிறது என்று ஒரு நாளிதழ் எழுதுகிறது. அணைக்கப்படுகிறது என்று இன்னொன்று எழுதுகிறது. எது சரி? அந்த மாணவிக்கு நான் திரும்பிப் போய்ச் சொல்லும்படி யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுருளிழை (பதில்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன். இரத்தம் என் நேரடித் துறை அன்று என்றாலும் படியெடுத்தல் காரணிகளோடுதான் என் பொழுது போகிறது. உங்கள் மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியை இந்தத் துறையினர் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அடக்கி எது என்பது 2008-இல்தான் துலங்கியது. ஆகவே வகுப்பறையில் பதில் தெரியாமல் நின்றதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

முதலில் மரபணு எங்கே போனது என்பதைப் பார்ப்போம். பதினோராவது குரோமோசோமில் பீட்டா குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து குளோபின் மரபணுக்கள் (ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளுக்கு உரியவை) அடுத்தடுத்து நிற்கின்றன: எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா. அவை நிற்கும் வரிசையும் வாழ்நாளில் வேலைக்கு வரும் வரிசையும் ஏறத்தாழ ஒன்றே என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கருவின் முதல் சில வாரங்களில் எப்சிலான், அதன்பின் பிறப்பு வரை காமா, பிறந்த பிறகு பெரும்பாலும் பீட்டா. இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளோடு இரண்டு காமா சேர்ந்தால் கரு ஹீமோகுளோபின். காமாவின் இடத்துக்குப் பீட்டா வந்தால், பெரியவர்களாகிய நம் உடலில் ஓடுவது. பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 70 விழுக்காடு கரு வகையாக இருக்கும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அது 1 விழுக்காட்டுக்கும் கீழே. அரிவாள் செல் சோகைக்குக் காரணமான பிழை பீட்டா மரபணுவில், ஆறாவது அமினோ அமிலத்துக்குரிய இடத்தில் இருக்கிறது. காமாவில் அந்தப் பிழை கிடையாது. ஆகவே பீட்டா முழு வேலைக்கு வரும் வரை அந்தப் பிழை வெளியே தெரிய வழியில்லை. அவளுடைய தம்பி முதல் ஐந்தாறு மாதம் நலமாக இருந்தது இதனால்தான்.

காமா மரபணு எங்கும் போய்விடவில்லை. எழுபது வயது முதியவரின் எலும்பு மஜ்ஜையிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே இடத்தில் இருக்கிறது. அதைப் படியெடுக்க விடாமல் ஒருவர் வாசலை மறித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர்தான் பிசிஎல்11ஏ.

இவர் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ந்த பிறகும் சிலருக்குக் கரு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருப்பது ஏன் என்று மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது, குளோபின் மரபணுக்களோடு எந்த உறவும் இல்லாத இரண்டாவது குரோமோசோமில் ஓர் இடம் மின்னியது. லண்டனில் சுவீ லே தெய்ன் குழுவினர் 2007-இலும், சார்டீனியத் தீவின் மக்களை ஆய்ந்தவர்கள் 2008-இலும் அதை வெளியிட்டார்கள். அந்த இடத்தில் இருந்த மரபணு பிசிஎல்11ஏ. அதன் பெயர் பி செல் லிம்போமா என்னும் புற்றுநோயிலிருந்து வந்தது. சிவப்பணுவோடு அதற்கு வேலை இருக்கும் என்று அதுவரை எவரும் கருதவில்லை. அதே 2008-இன் இறுதியில், பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆய்வுக்கூடத்தில் விஜய் சங்கரனும் உடன் பணியாற்றியோரும், மனிதச் சிவப்பணு முன்னோடிச் செல்களில் இந்தப் புரதத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த காமா விழித்துக்கொண்டது.

இனி அது டிஎன்ஏவின் மேல் செய்யும் வேலை. பிசிஎல்11ஏ 835 அமினோ அமிலங்கள் நீளமுள்ள புரதம். அதன் உடலில் துத்தநாக விரல்கள் எனப்படும் சிறு மடிப்புகள் உண்டு. ஒவ்வொரு மடிப்பையும் ஒரு துத்தநாக அணு நடுவில் இருந்து பிடித்துவைத்திருக்கிறது. வால் பக்கத்தில் உள்ள விரல்கள் டிஎன்ஏ ஏணியின் பள்ளத்தில் இறங்கி எழுத்துகளைத் தடவிப் படிக்கின்றன. அவை தேடுவது ஆறே எழுத்துகள்: டி-ஜி-ஏ-சி-சி-ஏ. காமா மரபணு தொடங்கும் இடத்துக்கு முன்னால், புரோமோட்டர் பகுதியில், இந்த ஆறெழுத்து இரண்டு முறை வருகிறது. ஒன்று தொடக்கத்திலிருந்து சுமார் 115 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மற்றொன்று அதைவிட அருகில், சுமார் 90 எழுத்துகள் தள்ளி. பிசிஎல்11ஏ உட்காருவது தொலைவில் உள்ள இடத்தில்தான்.

அருகில் உள்ள இடத்தை விட்டுவிட்டதே, அங்கே வேறொருவர் உட்காரலாமே என்று தோன்றும். உண்மையில் அங்கே உட்கார வேண்டியவர் என்எஃப்-ஒய் என்னும் இன்னொரு காரணி. காமாவைத் தட்டி எழுப்புபவர் அவரே. பேருந்தில் இருவர் இருக்கையின் ஓரத்தில் ஒருவர் பெரிய மூட்டையோடு உட்கார்ந்துவிட்டால், சன்னலோர இடம் காலியாக இருந்தும் அங்கே எவரும் நுழைய முடியாதல்லவா? அதுபோலவே, பிசிஎல்11ஏ தன் பருமனால் என்எஃப்-ஒய்யை அண்டவிடாமல் செய்கிறது. அதோடு நின்றுவிடவும் இல்லை. நியூஆர்டி எனப்படும் ஒரு புரதக் கூட்டத்தையும் அது அழைத்து வருகிறது. அந்தக் கூட்டம் டிஎன்ஏ சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் உருளைகளிலிருந்து அசிட்டைல் குறிகளை நீக்கி, அந்தப் பகுதியை இறுகச் சுருட்டி வைக்கிறது. இதற்கிடையில், ஐந்து மரபணுக்களுக்கும் பொதுவாக மேலே ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. ஒரு நேரத்தில் அது ஒரு மரபணுவோடுதான் வளைந்து சென்று தொட்டுக்கொள்ளும். காமா கிடைக்காமல் போகவே அது பீட்டாவிடம் போய்ச் சேருகிறது. காமா அடங்குவதும் பீட்டா ஓங்குவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

இப்போது உங்களுடைய கடினமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்தது சரியே: இந்தப் புரதம் அறவே இல்லாத எலிகள் பிறந்தவுடன் இறக்கின்றன, அவற்றில் பி செல்கள் உருவாவதில்லை. மனிதரிலும் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் பேச்சும் தாமதப்படுகின்றன, கூடவே கரு ஹீமோகுளோபினும் உயர்ந்தே இருக்கிறது. அந்த மரபணுவையே வெட்டி எறிவது நல்ல மருத்துவமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே சிகிச்சையில் அந்த மரபணுவின் புரதக் குறியீட்டை எவரும் தொடுவதே இல்லை. ஒரு மரபணு எந்தச் செல்லில் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை என்ஹான்சர் எனப்படும் துண்டுகள் முடிவு செய்கின்றன. மூளைக்கு ஒன்று, பி செல்லுக்கு ஒன்று, சிவப்பணுவுக்கு ஒன்று என்று அவை தனித்தனியே இருக்கலாம். பிசிஎல்11ஏவின் சிவப்பணு என்ஹான்சர் அதன் இரண்டாவது இன்ட்ரானுக்குள் (புரதக் குறியீடு இல்லாத இடைத்துண்டு), தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 58,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. 2013-இல் டேனியல் பாவர் முதலியோர் அதை அடையாளம் கண்டார்கள். அந்த என்ஹான்சரை நீக்கிய செல்களில், சிவப்பணு வழியில் பிசிஎல்11ஏ சரிந்தது. பி செல் வழியில் அது பாதிக்கப்படவில்லை. லண்டனிலும் சார்டீனியாவிலும் மின்னிய அந்த இடமும் இதே என்ஹான்சருக்குள்தான் விழுகிறது. மனிதரில் சிலருக்கு இயற்கையே அந்த இடத்தை லேசாகத் திருத்திவிட்டிருக்கிறது, அவர்களும் நலமாகவே வாழ்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்களுக்கு நம்பிக்கை அளித்தது.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று தெரியும். அந்த என்ஹான்சருக்குள் டி-டி-ஏ-டி-சி-ஏ என்று ஓர் ஆறெழுத்து இருக்கிறது. எதிரிழையில் அதைத் திருப்பிப் படித்தால் டி-ஜி-ஏ-டி-ஏ-ஏ. நடுவே ஜி-ஏ-டி-ஏ என்று வருகிறதல்லவா? அந்த நான்கு எழுத்துகளைத் தேடிப் பிடிப்பதாலேயே ஒரு காரணிக்குக் கேட்டா1 என்று பெயர் வந்தது. சிவப்பணு உருவாக்கத்தின் தலைமைக் காரணி அது. சிகிச்சையில் பயன்படும் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கத்தரி வெட்டுவது சரியாக இந்த எழுத்துகளுக்கு நடுவில். செல் அந்த வெட்டை அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் உதிர்ந்தோ கூடியோ போகின்றன. கேட்டா1 வந்து பார்க்கிறது, தன் பெயர் அங்கே இல்லை, உட்கார முடியவில்லை. அதனால் சிவப்பணு முன்னோடிகளில் பிசிஎல்11ஏ குறைகிறது. அது குறையவே காமா எழுகிறது.

உங்கள் மாணவி "அடக்கியை எடுத்துவிட வேண்டியதுதானே" என்றாள். அடக்கியை எடுக்கவில்லை, அடக்கியை அந்த ஒரு செல் வகையில் மட்டும் தூண்டிவிடும் இன்னொருவரின் நாற்காலியை எடுத்தார்கள். நாளிதழ்கள் சொல்லும் இரண்டில் "நீக்கப்படுகிறது" என்பது தவறு. "அணைக்கப்படுகிறது" என்பது பாதி சரி. விளக்கைத் தணிப்பதுபோலத் தணிக்கப்படுகிறது என்று சொல்லலாம்.

பழைய ஏடு (பதில்)

சுருளிழை அவர்கள் அருமையாக விளக்கியிருக்கிறார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் இரண்டொரு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

மாணவி கவனித்ததை 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் கவனித்திருக்கிறார். பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அரிவாளாக வளையும் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, கரு ஹீமோகுளோபின் அவற்றைக் காக்கிறது என்று அவர் கருதினார். இந்த நோய் ஒரு மூலக்கூற்றின் நோய் என்று லைனஸ் பாலிங் குழுவினர் அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை நினைத்தால், அவருடைய கண்ணின் கூர்மை விளங்கும். உங்கள் மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் மரபு இருக்கிறது என்று முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அதை வெளியிட்டார்கள். மாணவியிடம் இதையும் சொல்லுங்கள்.

மற்றொன்று அந்த டி-ஜி-ஏ-சி-சி-ஏ பற்றியது. வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் குறையாமல் நலமாக வாழும் சில கிரேக்கர்களிடம், காமா புரோமோட்டரின் 117-ஆவது இடத்தில் ஜி என்ற எழுத்து ஏ ஆக மாறியிருப்பது 1985-இலேயே கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர்களுள் ஒருவர், பின்னாளில் மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸ். அந்த ஓர் எழுத்து மாறினால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்பது டி-ஏ-ஏ-சி-சி-ஏ ஆகிவிடுகிறது. பிசிஎல்11ஏவின் விரல்களுக்குப் பிடி நழுவுகிறது. எழுத்து மாறியது 1985-இல் தெரிந்தது. அது மாறினால் யார் வந்து உட்கார முடியாமல் போகிறார் என்பது 2018-இல்தான் உறுதியானது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் கேள்வியைத் தேடியிருக்கிறார்கள்.

குறிஞ்சி ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேருந்து இருக்கை எடுத்துக்காட்டு எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரியும். கூடலூர்ப் பேருந்தில் மூட்டையோடு போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சிகிச்சையில் திருத்தப்படுவது, எல்லா இரத்த அணுக்களும் பிறக்கும் குருத்தணுக்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அதிலிருந்து பிறக்கும் பி செல்களிலும் அந்த வெட்டு இருக்குமே? இன்னொன்று, பிசிஎல்11ஏ காமாவை மூடுகிறது என்றால், கருவில் இருக்கும்போது அது ஏன் மூடவில்லை? பிறந்த நாள் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

சுருளிழை (பதில்)

முதல் ஐயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. வெட்டு எல்லா இரத்த அணுக்களிலும் இருக்கும். பி செல்லிலும் இருக்கும். ஆனால் பி செல் அந்த என்ஹான்சரைப் பயன்படுத்துவதில்லை. கேட்டா1 அங்கே குடியிருக்கவும் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரின் வீட்டில் உள்ள தெலுங்கு நூலில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் அவருக்கு என்ன குறை? ஒரே டிஎன்ஏ எல்லாச் செல்லிலும் இருந்தாலும் ஒவ்வொரு செல்லும் அதன் சில பக்கங்களையே புரட்டுகிறது. மனிதரில் ஏறத்தாழ 1,600 படியெடுத்தல் காரணிகள் இருக்கின்றன, அவற்றுள் எவை அந்தச் செல்லில் உள்ளன என்பதே எந்தப் பக்கம் புரட்டப்படும் என்பதை முடிவு செய்கிறது. மூளையைப் பொறுத்தவரை கவலையே இல்லை, ஏனென்றால் உடலுக்கு வெளியே எடுத்த குருத்தணுக்களில் மட்டுமே திருத்தம் நடக்கிறது.

இரண்டாவது ஐயம் எளிதில் தீர்வதன்று. பிசிஎல்11ஏவைத் தூண்டும் காரணிகளுள் கேஎல்எஃப்1 ஒன்று. அதே கேஎல்எஃப்1 பீட்டா மரபணுவையும் நேரடியாகத் தூண்டுகிறது. ஒரு கையால் காமாவின் காவலாளியை எழுப்பிக்கொண்டே மறு கையால் பீட்டாவை எழுப்புவதாகக் கொள்ளலாம். ஆனால் நான் எதிர்பாராத செய்தி ஒன்று 2020 வாக்கில் வெளிவந்தது. கருவின் சிவப்பணு முன்னோடிகளில் பிசிஎல்11ஏவின் செய்தி ஆர்என்ஏ போதுமான அளவு இருக்கிறது, புரதம்தான் இல்லை. கருவில் மிகுதியாக இருக்கும் லின்28பி என்ற புரதம் அந்தச் செய்தி ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு, ரைபோசோம் அதைப் புரதமாக மொழிபெயர்ப்பதைத் தடுத்துவைக்கிறது. பிறப்பை ஒட்டி லின்28பி குறைய, தடுக்கப்பட்டிருந்த ஆணை நிறைவேறுகிறது. படியெடுத்தல் காரணியையே படியெடுத்தலுக்கு அடுத்த படியில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னால், கவனிக்கும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

லாக் ஓபரானோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். லாக் அடக்கி பாலில் உள்ள சர்க்கரை வந்தவுடன் விலகிவிடும். பாக்டீரியாவுக்கு அது அன்றாட ஏற்பாடு. பிசிஎல்11ஏவை விலகச் சொல்லும் சர்க்கரை எதுவும் உணவில் கிடையாது. அது ஒருமுறை உட்கார்ந்தால் வாழ்நாள் முழுவதும் உட்காரவே வருகிறது. மேலும் அது தனியாள் இல்லை. அதே புரோமோட்டரில் சுமார் 200 எழுத்துகள் தள்ளி இசட்பிடிபி7ஏ என்ற இன்னோர் அடக்கி தன்னிச்சையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒப்புமையைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி மருத்துவர் (பதில்)

நான் இரத்தவியல் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். மூலக்கூறு அளவில் சொல்லப்பட்டவை எல்லாம் சரி. ஆனால் இந்த இழையை அந்த மாணவியோ அவளுடைய பெற்றோரோ படிக்கக்கூடும் என்பதால், நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

காஸ்ஜெவி எனப்படும் அந்தச் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பர் 16 அன்றும், அமெரிக்கா டிசம்பர் 8 அன்றும் அனுமதி அளித்தன. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே அப்போது அனுமதி அளிக்கப்பட்டது. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களேனும் கடும் வலி நெருக்கடி வரவில்லை. மிகப் பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் அதை ஓர் ஊசி என்று எண்ணிவிடக் கூடாது. நோயாளியின் குருத்தணுக்களை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் திருத்தி, பிறகு புசல்ஃபான் என்ற கடுமையான மருந்தால் அவருடைய பழைய மஜ்ஜையை அழித்து, அதன் பின்னரே திருத்திய அணுக்களைச் செலுத்துகிறார்கள். வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். கருவுறும் திறன் பாதிக்கப்படலாம். 2023-இல் அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 22 இலட்சம் டாலராக இருந்தது. சிவப்பணுவில் ஆறெழுத்தைக் குலைப்பதற்கு மனிதர் கொடுக்கும் விலை இது.

இன்னொன்று, சிகிச்சைக்குப் பிறகும் பீட்டா மரபணுவின் பிழை அப்படியேதான் இருக்கிறது. நோய் அடங்குகிறதே தவிர மரபு மாறுவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பிழை செல்லும் வாய்ப்பு முன்போலவே உண்டு. திருமணத்துக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வதற்கு இதனால் தேவை குறைந்துவிடாது.

கரு ஹீமோகுளோபின் ஏன் காக்கிறது என்பதை மேலே எவரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பிழையுள்ள பீட்டா சங்கிலிகள் ஆக்சிஜன் குறையும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட கம்பிகளாகின்றன; அணுவை அரிவாளாக வளைப்பது அந்தக் கம்பிகளே. காமா சங்கிலியின் 87-ஆவது இடத்தில் குளுட்டமின் இருப்பதால் அது அந்தக் கோப்பில் பொருந்துவதில்லை. ஒரு காமாவும் ஒரு பழுதான பீட்டாவும் கலந்த ஹீமோகுளோபினும் கம்பியில் சேர்வதில்லை. ஆகவே கரு ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதோடு, அது எல்லா அணுக்களிலும் பரவியிருக்கிறதா என்பதும் முக்கியம். சில அணுக்களில் நிறையவும் மற்றவற்றில் வெறுமையாகவும் இருந்தால், வெறுமையானவை வளையத்தான் செய்யும்.

நம் நாட்டு நோயாளிகளுக்கு இதில் இயற்கை ஒரு சலுகை அளித்திருக்கிறது. இந்தியப் பழங்குடியினரிடம் பெரிதும் காணப்படும் அரிவாள் மரபு, அரபு-இந்திய வகை எனப்படுவது. அதோடு ஒட்டியே, காமா மரபணு ஒன்றின் முன்னால் 158-ஆவது இடத்தில் சி என்ற எழுத்து டி ஆக மாறிய ஒரு வேறுபாடு வருகிறது. இதனால் கரு ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க மரபு வகைகள் பலவற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. எல்லோருக்கும் நோய் மென்மையாக இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. கடும் நெருக்கடியோடு வரும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

இன்று எளிதில் கிடைக்கும் வழி ஹைட்ராக்சியூரியா மாத்திரை. கரு ஹீமோகுளோபினை உயர்த்தும் அந்த மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதித்துக்கொண்டே எடுக்க வேண்டும். இரண்டு மாதம் வலி வரவில்லை என்று நிறுத்திவிட்டு மீண்டும் நெருக்கடியோடு வருபவர்களை வார்டில் அடிக்கடி காண்கிறேன். அந்தத் தம்பி அதை எடுத்துக்கொண்டிருந்தால், நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.

குறிஞ்சி ஆசிரியை

மருத்துவர் அவர்களுக்கும் நன்றி. நேற்று வகுப்பில் அந்த ஆறெழுத்தைக் கரும்பலகையில் எழுதி, கிரேக்கர்களிடம் மாறிய எழுத்தைச் சிவப்புச் சுண்ணாம்புக்கட்டியால் காட்டினேன். நீலகிரி, 1952 என்றதும் கடைசி வரிசையில் சலசலப்பு எழுந்தது. கேள்வி கேட்ட மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, தம்பியின் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள் அம்மாவின் பெட்டியில் இருப்பதாகவும், அதில் அவனுடைய காமா எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க முடியுமா என்றும் கேட்டாள். முடியுமா?

இரவுப்பணி மருத்துவர் (பதில்)

முடியும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி என்ற முறையில் செய்த பரிசோதனைத் தாளாக இருந்தால், எச்பி எஃப் என்ற வரிக்கு நேரே ஒரு விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். அதுதான் கரு ஹீமோகுளோபின். தாளில் உள்ள தேதியையும் அன்று அவனுக்கு என்ன வயது என்பதையும் சேர்த்தே பாருங்கள், ஏனென்றால் குழந்தையாக இருந்தபோது எடுத்த எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் இரத்தம் ஏற்றியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். கொடையாளியின் ஹீமோகுளோபின் கலந்து கணக்கு மாறியிருக்கும். ஹைட்ராக்சியூரியா தொடங்கும் முன் ஒரு தாளும் தொடங்கிய பின் ஒரு தாளும் பெட்டியில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.